ஹாஷ் மட்டும்தானே செயினில் ஏறுகிறது, பிறகு என்ன பயம்?

தறிநெசவு | மார்ச் 3, காலை 10.12

ஒரு கல்லூரியின் மதிப்பெண் பட்டியல்களைச் சரிபார்க்க அமைப்பு ஒன்று கட்டுகிறோம். பட்டியல் செயினுக்கு, அதாவது எவரும் பார்க்கக்கூடிய பிளாக்செயின் பதிவேட்டுக்கு, போகாது. பதிவெண், பிறந்த தேதி, மொத்த மதிப்பெண் மூன்றையும் ஒட்டி ஷா-256 (எந்தத் தரவையும் ஒரே நீளக் கைரேகையாக்கும் கணக்கு) போட்டு, வரும் 32 பைட் ஹாஷை மட்டும் எத்தீரியம் செயினில் ஓடும் நிரலான காண்ட்ராக்ட்டில் எழுதுகிறோம். ஹாஷைத் திருப்ப முடியாது, ஆகவே மாணவர் விவரம் வெளியே கசியாது என்பது எங்கள் கணக்கு. வேலைக்கு எடுப்பவர் மூன்று விவரத்தையும் தட்டினால் ‘சரி’ அல்லது ‘தவறு’ என்று வரும். ஆண்டுக்கு 50,000 பட்டியல். எங்கே இடிக்கும்?

அணைக்கட்டு | மார்ச் 3, காலை 11.40

‘திருப்ப முடியாது’ என்ற இடத்திலேயே இடிக்கிறது. யாரும் திருப்பப் போவதில்லை. எல்லாச் சாத்தியங்களையும் வரிசையாக ஹாஷ் செய்து உங்கள் காண்ட்ராக்ட்டில் இருப்பவற்றோடு ஒப்பிடுவார்கள்.

கணக்குப் போடுங்கள். பதிவெண் வரிசையாக ஓடும் எண். 50,000 என்று வையுங்கள். ஒரே பருவத்து மாணவர்களின் பிறந்த தேதி ஐந்தாண்டுக்குள் அடங்கும், 1,826 நாள். மதிப்பெண் 0 முதல் 1,000 வரை, 1,001 வாய்ப்பு. பெருக்கினால் சுமார் 9,140 கோடி. விளையாட்டுக்கு வாங்கும் ஆர்டிஎக்ஸ் 4090 கார்டு ஒன்று ஹாஷ்கேட் மென்பொருளில் நொடிக்குச் சுமார் 2,000 கோடி ஷா-256 போடும். ஐந்து நொடி. 50,000 இலக்கோடு ஒப்பிடும் வேலைக்கு இன்னும் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளுங்கள். அவ்வளவில் கல்லூரி முழுவதன் மதிப்பெண்ணும் வெளியே.

பக்கத்து வீட்டுப் பையனின் பதிவெண்ணும் பிறந்த நாளும் தெரிந்தவருக்குக் கார்டுகூட வேண்டாம். 1,001 முறை முயன்றால் தீர்ந்தது.

அணைக்கட்டு | மார்ச் 3, பகல் 12.05

மேலே சொன்னதோடு ஒன்று. “மதிப்பெண்ணுக்குப் பதில் கைப்பேசி எண்ணைச் சேர்த்தால் கடினமாகிவிடுமே” என்று அடுத்துக் கேட்பீர்கள். தனியாக ஹாஷ் செய்த எண் எதுவும் தாங்காது. இந்தியக் கைப்பேசி எண் 6, 7, 8, 9-இல் தொடங்கும் பத்து இலக்கம்: 400 கோடி, கால் நொடிக்குள் முடியும். ஆதார் 12 இலக்கம். முதல் இலக்கம் 0, 1 ஆகாது, கடைசி இலக்கம் மற்றவற்றிலிருந்து கணக்கிடும் சரிபார்ப்பு இலக்கம். மிஞ்சுவது 8,000 கோடி: நான்கு நொடி.

நடந்த கதையும் இருக்கிறது. நியூயார்க் நகரம் 2013-ஆம் ஆண்டின் டாக்சிப் பயண விவரங்களை, 17 கோடிக்கும் மேற்பட்ட பயணங்களை, 2014-இல் தகவல் சட்டத்தின்கீழ் கொடுத்தது. வண்டி எண்ணையும் ஓட்டுநர் உரிம எண்ணையும் எம்டி5 ஹாஷாக்கி மறைத்திருந்தார்கள். அந்த எண்களின் அமைப்பு ஊருக்கே தெரிந்தது. எல்லா எண்ணையும் ஹாஷ் செய்து பார்த்தவர்களுக்கு மொத்தமும் திறந்துகொண்டது. அந்தக் கோப்பையாவது தளத்திலிருந்து இறக்கிவிடலாம். செயினில் எழுதியதை எங்கே இறக்குவது?

தறிநெசவு | மார்ச் 3, மாலை 6.30

புரிந்தது. சால்ட் (ஹாஷ் செய்யும் முன் விவரத்தோடு கலக்கும், ஊகிக்க முடியாத பைட்டுகள்) சேர்க்கிறோம். காண்ட்ராக்ட்டில் ஹாஷுக்குப் பக்கத்திலேயே சால்ட்டையும் வைத்துவிட்டால் சரிபார்க்க எளிது, சரியா?

அணைக்கட்டு | மார்ச் 3, மாலை 6.48

இல்லை. பக்கத்தில் வைத்த சால்ட் அந்த ஐந்து நொடியை மாணவருக்கு ஐந்து நொடி என்று ஆக்கும், அவ்வளவே. கடவுச்சொல் கிடங்கில் சால்ட் வெளியே தெரிந்தாலும் பாதகமில்லை என்று படித்த பழக்கம் இங்கே காலை வாரும். இங்கே சால்ட்தான் இரகசியம். அது மாணவர் கையில் இருக்கும் கோப்பில் மட்டும் இருக்க வேண்டும். அவர் காட்டும்போது சரிபார்ப்பவர் காண்பார்.

செய்முறை: ஒவ்வொரு பட்டியலுக்கும் தனியாக 32 பைட் சால்ட். அதைச் சாவியாக்கி, விவரத்தின்மேல் எச்மேக்-ஷா-256, அதாவது சாவி கலந்த ஹாஷ். வருவதுதான் கமிட்மென்ட்: விவரத்தைக் காட்டாமலே அதை உறுதிசெய்யும் முத்திரை. எல்லோருக்கும் ஒரே சால்ட் கூடாது; ஒரு மாணவர் காட்டினால் எல்லோருடையதும் போகும். பதிவெண்ணிலிருந்து பிறப்பித்த சால்ட், சால்ட்டே இல்லை.

பைத்தானில் ‘சீக்ரெட்ஸ்’ மாட்யூல் பயன்படுத்துங்கள், ‘ரேண்டம்’ வேண்டாம். ரேண்டமுக்குள் ஓடுவது மெர்சென் ட்விஸ்டர். அதன் 32 பிட் வெளியீடுகள் தொடர்ச்சியாக 624 கிடைத்தால் அடுத்து வருபவை எல்லாம் கணித்துவிடலாம். 32 பைட் சால்ட் என்பது எட்டு வெளியீடு. அடுத்தடுத்த 78 மாணவர்கள் ஒரு வாட்ஸ்அப் குழுவில் தங்கள் கோப்பைப் பகிர்ந்தால், அவர்களுக்குப் பின்னால் வரும் அத்தனை பேரின் சால்ட்டும் கைக்கு வந்துவிடும்.

சரிபார்க்கும் நிரல் சால்ட்டின் நீளத்தையும் பார்க்க வேண்டும். எச்மேக் குட்டையான சாவியின் வாலில் பூஜ்யங்களை இட்டு நிரப்பும். நீளம் பார்க்காவிட்டால், வாலில் பூஜ்யம் சேர்த்த சால்ட்டும் சேர்க்காத சால்ட்டும் ஒரே விடையைத் தரும்.

கிளைவழி | மார்ச் 4, காலை 9.15

மூன்று விவரத்தையும் ‘ஒட்டி’ என்று எழுதியிருக்கிறீர்கள். வெறுமனே ஒட்டக்கூடாது. 12-ஐயும் 345-ஐயும் ஒட்டினாலும் 123-ஐயும் 45-ஐயும் ஒட்டினாலும் 12345. இரண்டு வெவ்வேறு பட்டியலுக்கு ஒரே ஹாஷ். ஒவ்வொரு புலத்தின் (பதிவெண், தேதி போன்ற விவரத்தின்) நீளத்தை முன்னால் எழுதுங்கள், அல்லது ஜேசான் என்ற தரவு வடிவமாக்கி, ஆர்எஃப்சி 8785 என்ற இணைய ஆவணத்தின் முறைப்படி ஒழுங்குபடுத்துங்கள்: புலப் பெயர்கள் வரிசையாகும், தேவையற்ற இடைவெளி போகும். அது போதும்.

மதிப்பெண்ணை எண்ணாக வைக்காமல் சரமாக (எழுத்துத் தொடராக) வையுங்கள். அந்த முறையில் 89.0 என்பது 89 ஆகிவிடும். 089 ஜேசானில் எண்ணே அல்ல.

எழுத்தாணி | மார்ச் 4, பகல் 1.20

“அது போதும்” என்பதை மறுக்கிறேன். மாணவர் பெயரையும் சேர்த்து, அது தமிழில் இருந்தால் போதாது. ஆர்எஃப்சி 8785 யூனிகோட் எழுத்துகளைத் தொடாது, வந்தபடியே விடும்.

‘கொ’ என்பதில் கவுக்குப் பின் ஒற்றைக் குறியாக ‘ொ’ வரலாம். ‘ெ’, ‘ா’ என்று இரண்டு குறியாகவும் வரலாம். திரையில் ஒன்றே, பைட்டில் வேறு. கொற்றவை என்ற மாணவியின் பெயரைக் கல்லூரி ஒரு விசைப்பலகையில் அடித்திருக்கும், சரிபார்ப்பவர் வேறொன்றில் அடிப்பார். ஹாஷ் பொருந்தாது, உண்மைச் சான்றிதழ் போலி என்று வரும். ஹாஷ் செய்யும் முன் இரண்டு பக்கமும் யூனிகோட் என்எஃப்சி ஒழுங்கு (ஒரே எழுத்தின் வெவ்வேறு குறிவடிவங்களை ஒன்றாக்கும் முறை) போடுங்கள், தீரும்.

எழுத்தாணி | மார்ச் 4, மாலை 5.02

மதியம்வரை நானும் அப்படித்தான் நம்பினேன், பட்டியல் போட்டுப் பார்த்ததும் மாற்றிக்கொள்கிறேன்: தீராது, பாதி தீரும்.

‘கௌரி’, ‘கெளரி’ இரண்டையும் உற்றுப் பாருங்கள். முதலாவதில் ஔகாரக் குறி. இரண்டாவதில் ‘கெ’ என்று அடித்து, பின்னால் ‘ள’ என்ற முழு எழுத்தை வைத்திருக்கிறார்கள். யூனிகோடுக்கு இவை வெவ்வேறு சொற்கள், என்எஃப்சி சேர்த்துவைக்காது. கௌசல்யா, கௌதம், மௌனிகா எல்லாமே இந்தச் சுழியில் மாட்டும்.

‘ஸ்ரீ’ இன்னொன்று. ஸகரத்தோடு ‘ரீ’ சேர்ந்தும் அடிக்கலாம், 2005-இல் யூனிகோடில் சேர்ந்த ஶகரத்தோடும் அடிக்கலாம். பல எழுத்துருக்களில் உருவம் ஒன்றே. ஸ்ரீதர், ஸ்ரீவித்யா என்று எத்தனை பேர் ஒவ்வொரு வகுப்பிலும்! இதற்கும் என்எஃப்சி உதவாது. இணையப் பக்கத்திலிருந்து நகலெடுத்த பெயரில் கண்ணுக்குத் தெரியாத பூஜ்ய அகல இணைப்பிலி ஒன்று ஒட்டிக்கொண்டு வரலாம், அதுவும் பைட்தான்.

என் யோசனை: சரிபார்ப்பவரை எதையும் தட்டச்சு செய்யவிடாதீர்கள். ஹாஷ் ஆன பைட்டுகள் மாணவர் கோப்பிலேயே இருக்கட்டும். நிரல் அவற்றைச் சரிபார்த்து, பெயரைத் திரையில் காட்டும். மனிதர் தாளோடு ஒப்பிடுவார்.

அணைக்கட்டு | மார்ச் 4, இரவு 9.30

எழுத்தாணி சொன்னதை வழிமொழிகிறேன். தட்டச்சு செய்யும் படிவத்தை எடுத்தால் இன்னொரு கசிவும் அடைபடும். படிவத்தில் தட்டியது யாருடைய சர்வருக்குப் போகிறது என்ற கேள்வியே எழாது. சரிபார்ப்பு முழுவதும் உலாவிக்குள் நடக்கலாம்.

பிடிஎஃப் கோப்பை ஹாஷ் செய்யலாமா என்று தனிமடலில் ஒருவர் கேட்டார். வேண்டாம். மறுபடி உருவாக்கினால் உள்ளே உருவாக்கிய நேரம் மாறும், ஹாஷ் மாறும். படமாக அனுப்பினால் வாட்ஸ்அப் சுருக்கிவிடும்.

கிளைவழி | மார்ச் 6, காலை 8.50

50,000 கமிட்மென்டையும் தனித்தனியாக எழுதப்போகிறீர்களா? ஒரு பரிவர்த்தனைக்கு அடிப்படை 21,000 கேஸ் (எத்தீரியத்தில் கட்டணத்தை அளக்கும் அலகு), புதிய சேமிப்பு இடத்துக்கு 22,100, தரவுக்கும் நிரலுக்கும் மேலே கொஞ்சம். 45,000 என்று வையுங்கள். மொத்தம் 225 கோடி கேஸ். அதற்குப் பதில் எல்லாவற்றையும் மெர்க்கிள் மரமாக்கி (இரண்டிரண்டாகச் சேர்த்து ஹாஷ் செய்துகொண்டே போனால் கடைசியில் மிஞ்சும் ஒற்றை ஹாஷ்தான் வேர்) வேரை மட்டும் எழுதினால் ஒரே 45,000. 50,000 இலைக்கு 16 அடுக்கு. மாணவர் கோப்பில் 16 ஹாஷ், அதாவது 512 பைட் சான்றுப் பாதை.

மரம் கட்டுவதில் இரண்டு பழைய பள்ளங்கள் உண்டு. பிட்காயின், ஒற்றைப்படை வரிசையில் கடைசியைப் பிரதியெடுத்து இரட்டையாக்கும். அதனால் மூன்று இலைப் பட்டியலுக்கும், மூன்றாவதை இருமுறை வைத்த நான்கு இலைப் பட்டியலுக்கும் ஒரே வேர். 2012-இல் இதைப் பாதுகாப்புக் குறைபாடாகப் பதிவுசெய்து சரிசெய்தார்கள். நீங்கள் பிரதியெடுக்க வேண்டாம்.

அடுத்தது, இலை எது, கிளை எது என்று ஹாஷில் வேறுபாடு இல்லாமல் விடுவது. இரண்டு 32 பைட் சேர்ந்த 64 பைட் கிளையை ‘இதுதான் என் இலை’ என்று நீட்டலாம். 2013-இல் வந்த ஆர்எஃப்சி 6962 இதற்கு வழி சொல்கிறது: இலைக்கு முன்னால் பூஜ்யம் என்ற ஒரு பைட், கிளைக்கு முன்னால் ஒன்று என்ற ஒரு பைட். அதையே செய்யுங்கள்.

காண்ட்ராக்ட்டுக்குள்ளேயே சரிபார்க்க, எத்தீரியத்தின் ஹாஷான கெக்காக்-256 எடுத்தால், உங்கள் சர்வரில் ஷா3-256 நூலகத்தை அழைத்துவிடாதீர்கள். அமெரிக்கத் தர நிறுவனம் கெக்காக்கை ஷா3 தரமாக இறுதி செய்தபோது நிரப்பும் பைட் மாறியது. எத்தீரியம் பழையதையே வைத்திருக்கிறது. வெற்றுச் சரத்தை ஹாஷ் செய்து இரண்டு பக்கமும் ஒப்பிட்டால் உடனே தெரியும்.

நடுச்சாமம் | மார்ச் 6, இரவு 11.55

மெர்க்கிள் பாதையின் முதல் ஹாஷ் பக்கத்து மாணவருடைய இலை. சால்ட் இல்லாத மரத்தில், என் சான்றிதழைக் காட்டும்போதெல்லாம் பக்கத்துப் பதிவெண்காரரின் மதிப்பெண்ணையும் நான் கையளிக்கிறேன். சால்ட் ஏன் இலைதோறும் வேண்டும் என்பதற்கு இது இன்னொரு காரணம். இலைகளின் வரிசையையும் கலைத்துவிடுங்கள். பதிவெண் வரிசையில் அடுக்கினால் பாதையின் இடது வலதே பதிவெண்ணைச் சொல்லும்.

நடுச்சாமம் | மார்ச் 7, அதிகாலை 12.20

அரியர் எழுதுபவர்களை யாரும் நினைக்கவில்லை. முதன்மைத் தொகுதி ஜூனில் ஏறும், 50,000 இலை. துணைத்தேர்வுத் தொகுதி செப்டம்பரில், 37 இலை. துணைத்தேர்வுக்காரரின் பாதையில் ஆறே ஹாஷ், மற்றவருக்கு 16. மதிப்பெண் எதையும் காட்டாமலே ‘இவர் அரியர்’ என்று கோப்பின் நீளம் சொல்லிவிடும். அடுக்குகளை இட்டு நிரப்பினாலும் வேர் ஏறிய தேதி சொல்லிவிடும்.

நீளத்துக்குத் தீர்வு எளிது. எல்லாத் தொகுதியையும் 65,536 இலையாக்குங்கள். மிச்ச இடத்தில் எழுமாறான (ரேண்டம்) 32 பைட். கமிட்மென்ட் போலவே இருக்கும், யாராலும் பிரித்தறிய முடியாது. செயினில் செலவு மாறாது. தேதிக்குத் தீர்வு: துணைத்தேர்வு முடிந்ததும் எல்லோருக்கும் புது மரம், புது வேர், புதுக் கோப்பு. வேலை கூடும். ஆனாலும் இதைச் செய்யச் சொல்லி வற்புறுத்துவேன். முதல் வேலை தேடும் பையனுக்கு அந்த ஒரு தேதி என்ன செய்யும் என்று நமக்குத் தெரியும்.

தறிநெசவு | மார்ச் 9, காலை 10.40

எல்லாம் சேர்த்து எழுதிக்கொண்டிருக்கிறேன். எங்கள் இயக்குநர் கேட்கிறார்: கல்லூரி டிஜிட்டல் கையெழுத்துப் போட்டால் முடிந்ததே, செயின் எதற்கு?

அணைக்கட்டு | மார்ச் 9, பகல் 12.15

நல்ல கேள்வி, நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டியது. பட்டியல் உண்மையா என்பதைச் செயின் சொல்லாது. பொய் மதிப்பெண்ணுக்கும் ஹாஷ் உண்டு. யார் வேண்டுமானாலும் ஒரு வேரை எழுதலாம். இது இந்தக் கல்லூரி தந்தது என்று நிறுவுவது கையெழுத்துத்தான். அதை விடாதீர்கள்.

செயின் தருவது ஒன்றே: இந்தத் தேதிக்கு முன் இது இருந்தது என்ற உறுதி. கையெழுத்துச் சாவி திருடு போனாலோ, அலுவலகத்துக்குள்ளேயே ஒருவர் தவறு செய்தாலோ, 2026-இல் 2019 தேதியிட்டுச் சான்றிதழ் அடிக்கலாம். கையெழுத்து சரியாகவே இருக்கும். 2019 வேரில் அதற்கு இடம் இருக்காது. எம்ஐடி 2017-இல் 111 பட்டதாரிகளுக்கு பிளாக்செர்ட்ஸ் என்ற பிளாக்செயின் சான்றிதழ் முறையில் பட்டம் தந்து பார்த்தபோது ஹாஷைப் பிட்காயினில் பதித்தார்கள்.

நேர உறுதி மட்டும் போதும் என்றால் காண்ட்ராக்ட்டே வேண்டாம், ஓப்பன்டைம்ஸ்டாம்ப்ஸ் என்ற நேர முத்திரைக் கருவி போதும். உங்கள் ஹாஷோடு 16 பைட் எழுமாறான எண்ணைச் சேர்த்து மறுபடி ஹாஷ் செய்துதான் சர்வருக்கு அனுப்பும். சர்வருக்கு உங்கள் ஹாஷ்கூடத் தெரியாது. பிட்காயினில் ஏறச் சில மணி நேரம் ஆகும். ஏறியபின் ‘அப்கிரேட்’ கட்டளையைக் கொடுத்துச் சான்றுக் கோப்பை நிறைவாக்க மறக்காதீர்கள். இல்லாவிட்டால் அந்த சர்வர் உயிரோடு இருக்கும்வரைதான் சான்று.

கிளைவழி | மார்ச் 9, மாலை 4.30

சரிபார்ப்பவர் வேரை எங்கிருந்து எடுப்பார் என்பதையும் முடிவுசெய்யுங்கள். செயினைப் படித்துச் சொல்லும் பொது ஆர்பிசி சர்வரிடம் ‘2024 வேரைக் கொடு’ என்று கேட்டால், இந்த ஐபி முகவரியிலிருக்கும் நிறுவனம் இன்று 2024 மாணவர் ஒருவரை எடை போடுகிறது என்று அதற்குத் தெரியும். எல்லா வேரையும் ஒருசேர இறக்குங்கள். ஆண்டுக்கு நான்கு, பத்தாண்டுக்கு 40, 1,280 பைட். ஒரு சின்னப் படத்தைவிடக் குறைவு.

சர்வர் பொய் வேர் தந்தால்? ஹீலியோஸ் போன்ற லேசான கிளையன்ட் (செயின் முழுவதையும் இறக்காமல் சரிபார்க்கும் மென்பொருள்) வைத்தால், பிளாக்குகளை உறுதிசெய்யும் 512 வேலிடேட்டர்கள் கொண்ட ஒத்திசைவுக் குழுவின் கையெழுத்தைப் பார்த்து பிளாக் தலைப்பை ஏற்கும். குழு சுமார் 27 மணி நேரத்துக்கு ஒருமுறை மாறும். அந்தத் தலைப்பிலிருக்கும் நிலை வேருக்கு (எத்தீரியத்தின் சேமிப்பு முழுவதன் வேர் ஹாஷுக்கு) எதிராகச் சேமிப்புச் சான்றைச் சரிபார்க்கும். பொய் பிடிபடும்; ஆனால் எந்த இடத்தைக் கேட்டீர்கள் என்பது சர்வருக்கு அப்போதும் தெரியும். இரண்டும் இரண்டு வேலை, ஒன்று மற்றொன்றைச் செய்யாது.

இரத்தான சான்றிதழுக்கும் இதே வழி. ‘இந்த எண் இரத்தா?’ என்று கல்லூரியைக் கேட்காதீர்கள். ஒரு சான்றிதழுக்கு ஒரு பிட் வீதம் பட்டியல் முழுவதையும் இறக்கிப் பாருங்கள். இணையத் தர அமைப்பான டபிள்யூ3சியின் தரத்தில் குறைந்தபட்ச நீளமே 1,31,072 பிட், 16 கிலோபைட். கூட்டத்தில் ஒருவராக மறையத்தான் அந்த நீளம்.

தறிநெசவு | மார்ச் 12, காலை 9.05

சிலர் ‘முதல் வகுப்பு’ என்று மட்டும் காட்டினால் போதும், மதிப்பெண் வேண்டாம் என்கிறார்கள். ஜீரோ நாலெட்ஜ் (விவரத்தைக் காட்டாமலே அதைப் பற்றிய ஒரு கூற்றை நிறுவும் கணித முறை) போகலாமா?

அணைக்கட்டு | மார்ச் 12, பகல் 11.30

முதலில் எளிய வழி. ஒவ்வொரு புலத்துக்கும் தனி சால்ட், தனிக் கமிட்மென்ட். எட்டுப் புலம் என்று வைத்தால், எட்டுக் கமிட்மென்டும் சேர்ந்து இலை. ‘முதல் வகுப்பு: ஆம்’ என்பதையும் கல்லூரியே ஒரு புலமாக எழுதிவிடட்டும். காட்ட விரும்பும் புலத்துக்கு மதிப்பும் சால்ட்டும் கொடுங்கள். மற்றவற்றுக்கு 32 பைட் கமிட்மென்ட் மட்டும். கைப்பேசி ஓட்டுநர் உரிமத்துக்கான ஐஎஸ்ஓ 18013-5 தரமும் இந்த வழிதான்.

இதில் மிஞ்சும் குறை: இரண்டு நிறுவனத்துக்குக் காட்டினால் இலை ஒன்றே. அவர்கள் பேசிக்கொண்டால் ஒரே ஆள் என்று தெரியும். அது பொறுக்காது என்றால்தான் ஜீரோ நாலெட்ஜ்.

கிளைவழி | மார்ச் 12, இரவு 8.10

போனால் என்ன செலவு என்று சொல்கிறேன். இந்தச் சான்றுகளுக்கான சர்க்யூட் எழுதும் சர்கோம் மொழியில் 64 பைட்டுக்கு ஷா-256 சுமார் 60,000 கட்டுப்பாடு (சான்று நிறைவேற்ற வேண்டிய சமன்பாடு). இதற்கென்றே வடிவமைத்த பொசைடன் ஹாஷ் சுமார் 240. 16 அடுக்குக்கு முன்னது ஒன்பதரை லட்சம், பின்னது நாலாயிரத்துக்குள். ஆகவே மரத்தையே பொசைடனில் கட்ட வேண்டும். ஷா-256-இல் கட்டியபின் மாற முடியாது. குரோத்16 என்ற முறையில் செய்த சான்றைச் செயினில் சரிபார்க்க, இணையாக்கம் (பேரிங்) என்ற கணக்குக்கு மட்டும் 1,81,000 கேஸ். உலாவியில் சரிபார்த்தால் அது இல்லை.

பிழை வரும் இடம் ஒப்பீடு. ‘மதிப்பெண் 60-க்குக் குறையாது’ என்று எழுதும்போது உள்ளீடு இத்தனை பிட்டுக்குள் என்று தனியாகக் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் 254 பிட் களத்தில் எண் சுற்றிவந்து, ஒப்பீடு பொய்யையும் ஏற்கும். அந்தச் சான்று கணித முறைப்படி சரியாகவே இருக்கும்.

நடுச்சாமம் | மார்ச் 13, அதிகாலை 1.15

கிளைவழியின் கடைசி வரிதான் எனக்கு உறக்கம் கெடுப்பது. தொகையை மறைத்து அனுப்பும் கிரிப்டோ நாணயமான இசட்கேஷில் 2018 மார்ச்சில் ஒரு பிழை கண்டார்கள்: பொது அளவுருக்களில் இருக்கக்கூடாத சில உறுப்புகள் இருந்தன; அவற்றை வைத்துப் பொய்ச் சான்று செய்து காசு அடிக்கலாம். அக்டோபரில் சாப்ளிங் மேம்படுத்தலோடு சரிசெய்து, 2019 பிப்ரவரியில் வெளியே சொன்னார்கள். யாரும் பயன்படுத்திய தடயம் இல்லை என்றார்கள். ஆனால் தொகையே மறைந்திருக்கும் இடத்தில் நேராகப் பார்த்துச் சொல்ல வழியில்லை. மறைவுத் தொகுதிக்குள் போனதையும் வந்ததையும் கூட்டிக் கழித்துத்தான் ஊகிக்க வேண்டும்.

புலவாரியான சால்ட் முறையில் பிழை வந்தால் யாராவது ஒருவர் கண்ணில் படும். சர்க்யூட்டில் வந்தால் படாது. ‘முதல் வகுப்பு’ காட்டுவதற்கு இவ்வளவு வேண்டாம் என்பது என் கருத்து.

தறிநெசவு | மார்ச் 17, மாலை 5.45

புலவாரி முறையே என்று முடிவு. அரியர்காரர்களுக்காக எல்லோருக்கும் புது மரம் என்பதும் ஒப்புதல் ஆயிற்று. மாணவர் கோப்பு தாளில் அச்சிடும் ஒரு க்யூஆரில் அடங்குமா? மாணவர் விவரத்தை நீக்கச் சொன்னால்?

அணைக்கட்டு | மார்ச் 17, இரவு 9.20

நீக்கம்: 2023-இன் தனிநபர் தரவுச் சட்டம் அழிக்கக் கோரும் உரிமையைத் தருகிறது. கல்லூரி தன்னிடமுள்ள விவரத்தையும் சால்ட்டையும் அழித்தால், செயினில் இருக்கும் வேரிலிருந்து எதையும் ஊகிக்க முடியாது. ஒரே முதன்மைச் சாவியிலிருந்து எல்லா சால்ட்டையும் பிறப்பித்தால் சேமிப்பு மிச்சம் என்று முன்பு ஒருவருக்குச் சொல்லியிருந்தேன். அதை விலக்கிக்கொள்கிறேன். அப்படிச் செய்தால் ஒருவருடையதை மட்டும் அழிக்க முடியாது.

க்யூஆர்: சால்ட்டை 32 என்றேன், புலவாரி முறைக்கு 16 பைட் போதும், 128 பிட். எட்டுப் புலத்துக்கு 128 பைட். பாதை 512. விவரம் 300-க்குள் வையுங்கள். தமிழ் எழுத்துக் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட் என்பது நினைவிருக்கட்டும். மொத்தம் 940. 25-ஆம் பதிப்பு, நடுத்தரத் திருத்த அளவில் 997 பைட் கொள்ளும். பக்கத்துக்கு 117 கட்டம், ஓரத்தில் நான்கு நான்கு வெற்றிடம், ஆக 125. கட்டத்துக்கு 0.4 மில்லிமீட்டர் கொடுத்தால் 5 சென்டிமீட்டர் சதுரம். கல்லூரி முத்திரையை அதன்மேல் குத்தாதபடி தாளில் இடம் ஒதுக்கச் சொல்லுங்கள்.